சென்னையில் வாடகை வீடு: கணக்கு போடுவதிலிருந்து அட்வான்ஸைத் திரும்ப வாங்கும் வரை

பன்னிரண்டு வருடத்தில் இந்த ஊரில் ஆறு வீடு மாறியிருக்கிறேன். அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வீடு பார்க்க உடன் போனது இருபது முறையாவது இருக்கும். ஏறக்குறைய எல்லாரும் இடறுவது ஒரே இடத்தில்தான். டைல்ஸும் பால்கனியும் பிடித்துப்போய் டோக்கன் கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம்தான் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஆபீஸ் போக எத்தனை மணி நேரம் என்று விசாரிக்கிறார்கள்.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். கையிலிருந்து பணம் போவது ஏழாவது படியில்தான் வருகிறது.

1. முதல் மாதம் எங்காவது தங்குங்கள்

வேலை கிடைத்ததும் ஊரில் இருந்தபடியே ஆப்பில் படம் பார்த்து வீடு பிடிக்காதீர்கள். படத்தில் மழைத் தண்ணீர் தெரியாது, பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் மேளச் சத்தமும் கேட்காது.

ஒரு மாதத்துக்கு பிஜி, திருவல்லிக்கேணி மேன்ஷன், நண்பன் அறை, எதுவானாலும் சரி. வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தமிழ்நாடு அரசின் தோழி விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி உள்ளிட்ட இடங்களில் இருக்கின்றன. இடம் காலியாக இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள்.

இந்த ஒரு மாதம் எதற்கு? உங்கள் ஷிப்ட் என்ன, எந்த நாள் வீட்டிலிருந்து வேலை, கம்பெனி வண்டி எந்த வழியாக வருகிறது என்பதெல்லாம் சேர்ந்த பிறகுதான் தெரியும். ஆபர் லெட்டரில் சோழிங்கநல்லூர் என்று போட்டிருந்த ஒரு தம்பி, அதை நம்பி நாவலூரில் பதினோரு மாத ஒப்பந்தம் போட்டான். மூன்றாவது வாரம் அவனை அம்பத்தூர் அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

2. கையில் எட்டு மாத வாடகை இருக்கிறதா?

மாத வாடகையை மட்டும் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது போதாது. வீட்டுக்குள் நுழைய ஆகும் செலவே வேறு. 15,000 ரூபாய் வீட்டுக்குக் கணக்கு இப்படி வரும்:

அட்வான்ஸ் ஐந்து மாதம் என்று வைத்தால் 75,000. முதல் மாத வாடகை 15,000. புரோக்கர் வந்தால் ஒரு மாத வாடகை, அது 15,000. சாமான் ஏற்றிவரும் குட்டி யானை, ஃபேன், பல்பு, அடுப்பு, பக்கெட் என்று இன்னொரு 10,000. மொத்தம் 1,15,000. எட்டு மாத வாடகைக்குக் கொஞ்சம் குறைவு.

இது இல்லாமல் இறங்குகிறவர்கள் லோன் ஆப்பிலோ கிரெடிட் கார்டிலோ அட்வான்ஸ் கட்டுகிறார்கள். அட்வான்ஸுக்கு ஓனர் வட்டி தருவதில்லை, நீங்கள் மட்டும் வருடம் முழுக்க வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். பணம் பத்தவில்லை என்றால் வாடகை குறைந்த வீட்டுக்கு இறங்குங்கள், அல்லது ஒருவரைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடனில் குடி போக வேண்டாம்.

ஆதார், கம்பெனி அடையாள அட்டை, கடைசிச் சம்பளச் சீட்டு, பாஸ்போர்ட் அளவு படம் நான்கு: இவற்றின் நகல்களை ஒரு கவரில் போட்டுப் பையிலேயே வைத்திருங்கள். ஒப்பந்தத்துக்கும், காவல் நிலையத்தில் கொடுக்க ஓனர் கேட்கும் வாடகைதாரர் விவரப் படிவத்துக்கும் இவைதான் தேவை.

3. ஏரியாவை முடிவு செய்யும் கணக்கு

"தள்ளிப் போனால் வாடகை குறைவு" என்பது பாதி உண்மைதான். மீதிப் பாதியைப் போட்டுப் பார்ப்போம். ஆபீஸ் சோழிங்கநல்லூரில். ஒரு வீடு கூடுவாஞ்சேரிப் பக்கம், 24 கிலோமீட்டர், வாடகை 12,000. இன்னொன்று மேடவாக்கத்தில், 5 கிலோமீட்டர், வாடகை 15,000. வண்டி லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடுகிறது, பெட்ரோல் 100 ரூபாய், மாதம் 22 நாள் வேலை.

முதல் வீட்டுக்கு பெட்ரோல் மாதம் சுமார் 2,350. இரண்டாவதுக்கு 490. வாடகையில் மிச்சமான 3,000 ரூபாயில் 1,850 பெட்ரோல் பங்குக்குப் போய்விட்டது. கையில் நிற்பது 1,150. அதற்காக ஒரு நாளைக்குக் கூடுதலாக இரண்டு மணி நேரம், மாதம் 44 மணி நேரம் ரோட்டில். ஒரு மணி நேரத்துக்கு 26 ரூபாய் கூலி என்று ஆகிறது. அந்தக் கூலிக்கு நீங்கள் சம்மதமா என்பதுதான் கேள்வி.

ரயில் இருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகும். கடற்கரை–செங்கல்பட்டு வழியிலோ ஆவடி, திருநின்றவூர் வழியிலோ ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு இருந்து, ஆபீஸும் ரயில் பாதைக்கு அருகில் இருந்தால், சீசன் டிக்கெட்டில் தாராளமாகத் தள்ளிப் போகலாம். உட்கார இடம் கிடைத்தால் அது தூங்கும் நேரமும்கூட. தரமணியைத் தாண்டி ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்) வேலை என்றால் நிலைமை வேறு. அங்கே புறநகர் ரயில் இல்லை, மாதவரம்–சிறுசேரி மெட்ரோ ஓடத் தொடங்கும் வரை சாலை ஒன்றுதான் வழி.

பேருந்து நம்பி இருப்பவர்கள் மாநகரப் பேருந்தின் 1,000 ரூபாய் "விருப்பம்போல் பயணம்" அட்டையைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை. வீட்டு வாசலில் எந்தப் பேருந்து நிற்கிறது என்பதே பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய்க் கேள்வியாக இருக்கலாம்.

ஏரியாவை முடிவு செய்யும் முன், ஒரு திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அங்கிருந்து ஆபீஸ் வரை ஒரு முறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மேப் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள்.

4. எந்த மாதம் தேடுவது, யார் மூலம்

ஏப்ரல், மே மாதங்களில் பள்ளிக்கூடம் மாறும் குடும்பங்கள் எல்லாம் வீடு தேடும். அப்போது பேரம் நடக்காது. ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறுவதைப் பெரும்பாலான குடும்பங்கள் தவிர்க்கும். காலி வீட்டை வைத்துக்கொண்டு தை பிறக்கட்டும் என்று ஓனர் காத்திருப்பார். உங்களுக்கு அந்தச் சங்கடம் இல்லையென்றால் அதுதான் பேசும் நேரம். என் நான்காவது வீட்டை ஆடி மாதம் பிடித்தேன், வாடகையில் ஆயிரம் குறைந்தது. "சரி, பாலை மட்டும் ஆவணியில் காய்ச்சிக்கோங்க" என்றார் வீட்டம்மா.

ஆப்பில் "ஓனர் நேரடி" என்று போட்டிருப்பதில் பாதி புரோக்கர். அதற்குப் பதில் மாலையில் தெருத் தெருவாக நடந்து டூ-லெட் பலகை பாருங்கள். மளிகைக் கடையிலும் அடுக்குமாடி வாட்ச்மேனிடமும் கேளுங்கள். இரண்டு சனிக்கிழமை நடந்தால் ஒரு மாத கமிஷன் மிச்சம்.

புரோக்கரிடம் போனால் கமிஷனை ஒப்பந்தம் கையெழுத்தான அன்றுதான் தருவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீடு காட்டுவதற்கே ஐந்நூறு கேட்கிறவரை விட்டுவிடுங்கள். அவருக்கு வீடு காட்டுவதுதான் வருமானம்.

5. போனிலேயே கேட்டு முடிக்க வேண்டியவை

ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போனால் வார இறுதி போதாது. வாடகை, மெயின்டெனன்ஸ், அட்வான்ஸ், எந்தத் தளம், இ.பி. மீட்டர் தனியா என்று ஐந்தையும் போனிலேயே கேளுங்கள்.

அடுத்து அவர்கள் கேட்பார்கள். பேச்சுலரா? அசைவம் சமைப்பீர்களா? "என்ன ஆளுங்க?" கடைசிக் கேள்வி சுற்றி வளைத்து வரும்: சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, அப்பா பெயர் என்ன. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஓனர், என்னுடன் வந்த நண்பனின் பெயரைக் கேட்டதும் "நேத்தே ஒருத்தர் டோக்கன் குடுத்துட்டாங்க" என்றதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். பலகை அடுத்த மாதமும் அங்கேயே தொங்கியது. இது அநியாயம்தான், இந்த வழிகாட்டியில் அதற்கு மருந்து இல்லை.

ஆனால் ஒன்று சொல்வேன்: மறைத்துக் குடி போகாதீர்கள். கருவாட்டு வாசனைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைக்கும் வீட்டில் நிம்மதி இருக்காது. முதல் சண்டையில் காலி செய்யச் சொல்வார்கள். மறுப்பு போனிலேயே வந்துவிட்டால் ஆட்டோ காசாவது மிச்சம்.

6. வீட்டைப் பார்க்கும்போது

எல்லாரும் ஹாலிலிருந்து தொடங்குவார்கள். நீங்கள் குளியலறையிலிருந்து தொடங்குங்கள்.

*தண்ணீர்.* குழாயைத் திறக்கும் முன் ஷவரின் முகத்தையும் குழாய் மூக்கையும் பாருங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்பு போலப் படிந்து ஓட்டைகள் அடைத்திருந்தால் போர் தண்ணீர் கடினமானது, ஹீட்டரும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் போகும். தரையிலும் வாளியிலும் துருப்பிடித்த மஞ்சள் கறை இருந்தால் இரும்புச் சத்து. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், ஓ.எம்.ஆரில் பல தெருக்களில் உப்புக் கரிக்கும். சோப்பைக் குழைத்துப் பாருங்கள், நுரை வராவிட்டால் தலைமுடியைப் பற்றிய கவலையும் சேர்ந்து வரும்.

பிறகு கேள்விகள். மெட்ரோ வாட்டர் இணைப்பு உண்டா, எந்தெந்த நாள் வருகிறது? சம்ப் எத்தனை ஆயிரம் லிட்டர்? மே மாதம் லாரித் தண்ணீர் வாங்கினால் யார் காசு? 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது இந்த வீட்டில் என்ன செய்தீர்கள்? கடைசிக் கேள்விக்கு ஓனர் சொல்லும் பதிலில் எல்லாம் வெளியே வந்துவிடும். தண்ணீர்க் கஷ்டம் உள்ள கட்டடத்தில் வாடகையோடு லாரிப் பங்கும், குடிக்க கேனும் சேரும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

*வெள்ளம்.* 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது? இதை ஓனரிடமும் புரோக்கரிடமும் கேட்டுப் பயனில்லை. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் கேளுங்கள். வேளச்சேரியில் ஒரு தரைத்தள வீடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது, புதுப் பெயிண்ட். இஸ்திரி போடும் அண்ணன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் தன் மார்புக்கு நேராக நீட்டிக் காட்டினார். "ரெண்டு தெரு தள்ளிப் போ தம்பி, அங்க முட்டி வரைக்கும்தான்." அந்தப் புதுப் பெயிண்ட் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

நீங்களே பார்க்கக்கூடிய அடையாளங்களும் உண்டு. பக்கத்து வீடுகளில் மீட்டர் பெட்டியைத் தலைக்கு மேலே ஏற்றி வைத்திருப்பது, வாசலில் புதிதாகக் கட்டிய தடுப்புச் சுவர், சாலையை விடத் தாழ்ந்த வாசல். மூன்றில் இரண்டு இருந்தால் தரைத்தளம் வேண்டாம்.

*கரண்ட்.* இங்கேதான் மாதா மாதம் சத்தமில்லாமல் பணம் போகிறது. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இரண்டு மாதத்தில் நீங்கள் 150 யூனிட் செலவழித்தால், தனி மீட்டர் வீட்டில் மீதி 50 யூனிட்டுக்கு மட்டும் கட்டினால் போதும், இருநூறு ரூபாயைத் தாண்டாது. அதே 150 யூனிட்டை ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வாங்கினால் 1,200. இலவச யூனிட்டின் பலன் அவருக்கு.

எனவே மீட்டர் பெட்டியருகே போய், இந்தப் போர்ஷனுக்கு எந்த மீட்டர் என்று கேட்டு, அதன் இணைப்பு எண்ணைப் படம் எடுங்கள். சப் மீட்டர்தான் என்றால் அந்த வித்தியாசத்தை வாடகையில் சேர்த்துக் கணக்கிட்டு, அதன்மேல் பேரம் பேசுங்கள்.

*மற்றவை.* மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள தளம் மே மாதம் இரவு பத்து மணிக்கும் அனல் கக்கும், ஏ.சி. செலவைச் சேர்த்துப் பாருங்கள். சமையலறையில் கை வைத்தால் சுவர் பிசுபிசுக்கிறதா, படுக்கையறையில் போன் சிக்னல் வருகிறதா, வண்டி நிறுத்த இடம் எழுத்தில் வருமா என்பதையும் பார்த்துவிடுங்கள். முடிந்தால் ஒரே வீட்டை இரண்டு முறை பாருங்கள்: காலையில் மோட்டார் போடும் நேரம் ஒன்று, இரவு ஒன்பதுக்கு மேல் ஒன்று.

7. டோக்கன்: ஓனரைப் பார்க்காமல் ஒரு ரூபாயும் வேண்டாம்

"இன்னும் ரெண்டு பேர் பாத்துட்டுப் போயிருக்காங்க, இப்பவே ஐயாயிரம் போட்டுடுங்க." இந்த வசனத்தை நீங்கள் கட்டாயம் கேட்பீர்கள். முதல் வருடம் நான் போட்டேன். மறுநாள் அட்வான்ஸ் இரண்டு மாதம் கூடிவிட்டது. வேண்டாம் என்றதும் டோக்கனும் திரும்பவில்லை.

முதலில் ஓனரைச் சந்தியுங்கள். சொத்து வரி ரசீதிலும் இ.பி. கணக்கிலும் இருக்கும் பெயர், அவர் ஆதாரில் இருக்கும் பெயரோடு பொருந்துகிறதா பாருங்கள். பொருந்தாவிட்டால் காரணம் கேளுங்கள். அப்பா பெயரில் இருக்கலாம், தவறில்லை. ஆனால் அப்போது கையெழுத்துப் போட வேண்டியவர் யார் என்பது மாறும்.

டோக்கன் கொடுப்பதானால் வங்கி வழியாக, ஓனர் கணக்குக்கு மட்டும். கூடவே ஒரு வாட்ஸ்அப் செய்தி: "இத்தனாம் நம்பர் வீட்டுக்கு, மாத வாடகை இவ்வளவு, அட்வான்ஸ் இவ்வளவு என்று பேசி, டோக்கன் 5,000 அனுப்பியிருக்கிறேன். அட்வான்ஸில் கழித்துக்கொள்ளவும்." அவர் "ஓகே" என்று பதில் போட்டால் பேசிய தொகைக்குச் சாட்சி கிடைத்துவிட்டது.

லீஸுக்கு வீடு என்றால் இன்னும் எச்சரிக்கை. ஐந்து லட்சம், எட்டு லட்சம் என்று மொத்தமாகக் கொடுத்து வாடகையில்லாமல் இருப்பது கவர்ச்சியாகத்தான் தெரியும். அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் நிலுவையில் இருந்து ஏலத்துக்கு வந்தால் உங்கள் பணத்துக்குத்தான் ஆபத்து. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று பார்த்து, அடமானம் இல்லை என்று தெரிந்த பிறகு பேசுங்கள். ஓனர் இல்லாமல் இடைத்தரகர் நிறுவனம் தன் பெயரில் லீஸ் போடுகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

8. ஒப்பந்தத்தில் எழுத்தில் வர வேண்டியவை

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது அது. இதற்கென்று அரசின் இணையதளமே இருக்கிறது. பதினோரு மாதம் என்று போட்டால் பதிய வேண்டாம் என்ற பேச்சு, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளைப் பற்றிய பழைய பத்திரப்பதிவு விதியிலிருந்து வந்தது. இந்தச் சட்டத்துக்கு அது பொருந்தாது.

வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். "வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால்" என்பதைக் கவனியுங்கள். பத்து மாதம் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் சட்டம் பேச முடியாது. பேரம் பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்.

வாசித்துப் பார்க்காமல் கையெழுத்திடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. ஸ்டாம்ப் பேப்பர்காரரின் கணினியில் ஏற்கெனவே ஒரு மாதிரி இருக்கும், பெயரை மட்டும் மாற்றுவார். அதில் இவை இருக்கின்றனவா பாருங்கள்: வாடகை உயர்வு எப்போது, எத்தனை சதவீதம். காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், இரண்டு பக்கமும் ஒரே அளவா. பெயிண்டுக்குப் பிடித்தம் உண்டா, உண்டென்றால் எவ்வளவு. லாரித் தண்ணீர், மோட்டார் ரிப்பேர், மெயின்டெனன்ஸ் யார் பொறுப்பு. அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும்.

பெயிண்ட் வரியை மட்டும் விடாதீர்கள். "ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்ளப்படும்" என்று அச்சில் வந்திருந்தால், "இரண்டு வருடத்துக்குள் காலி செய்தால் மட்டும்" என்றாவது சேர்க்கச் சொல்லுங்கள். முதல் வீட்டில் அந்த வரியைப் படிக்காமல் விட்டதற்கு நான் கொடுத்த விலை ஒரு மாத வாடகை.

பழைய வரி முறையில் வீட்டு வாடகைப்படி விலக்கு கோருகிறவர்கள், ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண் தர வேண்டும். இதையும் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். ஜனவரியில் ஆபீஸில் ரசீது கேட்கும்போது பல ஓனர்கள் போனை எடுப்பதில்லை.

9. குடி போகும் நாள்

சாமான் இறக்கும் முன், காலி வீட்டை ஒரு வீடியோ எடுங்கள். ஒவ்வொரு அறை, சுவர் விரிசல், குழாய், கதவுப் பூட்டு, உடைந்த டைல்ஸ். இ.பி. மீட்டர் ரீடிங்கைத் தனியாகப் படம் எடுங்கள். அன்றே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். முந்தைய வாடகைதாரர் விட்டுப்போன பாக்கியும் பழைய ஆணி ஓட்டைகளும் உங்கள் கணக்கில் ஏறாமல் இருக்க இதுதான் வழி.

ஃபேன், டியூப் லைட், ஹீட்டர், சாவி எத்தனை என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்திடுங்கள். சில ஓனர்கள் "எதுக்குப்பா இதெல்லாம்" என்பார்கள். சிரித்துக்கொண்டே நீட்டுங்கள்.

வாடகையை வங்கி வழியாகவே கொடுங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்றால் ரசீது வாங்குங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்க ரசீதானால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும்.

இடையில் தகராறு வந்து தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால், அதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் மனு எளிது. எட்டாவது படியை அவ்வளவு இழுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

10. காலி செய்யும்போது

நோட்டீஸை எழுத்தில் கொடுங்கள், வாட்ஸ்அப்பும் சரி. தேதியைக் குறிப்பிடுங்கள். படிக்கட்டில் பார்த்துச் சொன்னது ஓனருக்கு நினைவில் இருக்காது.

பலர் கடைசி இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழிக்கச் சொல்லிவிடுகிறார்கள். ஓனர் சம்மதித்தால் நல்லதுதான், திரும்ப வாங்க வேண்டிய தொகை குறையும். சம்மதிக்காமல் நீங்களாக நிறுத்தினால் தவறு உங்கள் பக்கம் வந்துவிடும், பேசும் பலம் போய்விடும்.

கிளம்பும் வாரம் வீட்டைக் கழுவி, ஆணி ஓட்டைகளை அடைத்து, முதல் நாள் எடுத்த அதே வரிசையில் இன்னொரு வீடியோ எடுங்கள். கடைசி இ.பி. ரீடிங் வரை கணக்கு முடித்து ரசீதைக் காட்டுங்கள். பிடித்தம் எதுவானாலும் பட்டியலாக எழுதித் தரச் சொல்லுங்கள். "சில்லறை ரிப்பேர் 9,000" என்று வாயால் சொல்லும் ஓனர், எழுதச் சொன்னதும் 3,500-க்கு இறங்கி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

"புது ஆள் வந்ததும் அட்வான்ஸ் தர்றேன்" என்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சாமானை எல்லாம் ஏற்றி அனுப்பிவிட்டு, சாவியோடு ஓனர் வீட்டு வாசலுக்குப் போங்கள். ஒரு சாவியைக் கொடுத்ததும் பணம் கணக்கில் ஏறினால் இரண்டாவது சாவி. இன்று முடியாது என்றால், தொகையும் தேதியும் போட்டு அவர் கையெழுத்திட்ட ஒரு தாள் கைக்கு வந்த பிறகு இரண்டாவது சாவி.